குடுவைக்குள் ஒரு குடியிருப்பு

நுழையும் முன்

பூச்சிகளைப் பிடித்து உண்ணும் செடிகளைப் பற்றி அறிவியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். அத்தகைய செடியின் பொறிக்குள்ளேயே பிறந்து வளர்ந்து வாழும் உயிர்களும் உண்டு. அவை எவை? பிற பூச்சிகள் மடியும் இடத்தில் அவை எவ்வாறு வாழ்கின்றன? செடியின் உணவை அவை திருடுகின்றனவா, செடிக்கு உதவுகின்றனவா? இவ்வினாக்களுக்கு இப்பாடம் விடை தேடுகிறது.

1. மலைச்சரிவில் தொங்கும் குடுவைகள்

மேகாலய மாநிலத்தின் மேற்குப் பகுதியில் காரோ மலைகள் உள்ளன. அங்குள்ள பாக்மாரா என்னும் ஊருக்கு அருகில், ஒரே ஒரு செடியினத்தைக் காப்பதற்காகச் சிறிய நிலப்பகுதி ஒன்று ஒதுக்கப்பட்டுள்ளது. அச்செடியின் பெயர் நெப்பந்தஸ் காசியானா. காரோ மக்கள் அதனை 'மெமாங் கோக்சி' என்று அழைக்கின்றனர். 'பேயின் கூடை' என்பது அப்பெயரின் பொருள். ஜயந்தியா மலைவாழ் மக்களோ 'மூடியுள்ள ஈப்பொறி' என்னும் பொருள்படும் பெயரால் அதனைச் சுட்டுகின்றனர். ஒரு பெயர் அச்சத்தைக் காட்டுகிறது. மற்றொன்று கூர்ந்து நோக்கிய அறிவைக் காட்டுகிறது.

தமிழில் இவ்வகைச் செடிகளைக் குடுவைச் செடிகள் என்பர். உலகில் 150க்கும் மேற்பட்ட குடுவைச் செடியினங்கள் உள்ளன. மடகாஸ்கர், இலங்கை, வடகிழக்கு இந்தியா, மலேசியா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் ஆகிய வெப்பமண்டல நிலங்களில் அவை வளர்கின்றன. இந்தியாவில் இயற்கையாக வளரும் குடுவைச் செடி நெப்பந்தஸ் காசியானா ஒன்றே.

குடுவையைப் பார்ப்பவர் அதனைப் பூ என்று எண்ணக்கூடும். அது பூ அன்று, இலையின் நுனியே. இலையின் நடுநரம்பு நுனியைத் தாண்டி ஒரு பற்றுக்கம்பியாக நீள்கிறது. அக்கம்பியின் முனை பருத்துக் குடுவையாகிறது. குடுவை முதிரும் வரை அதன் வாயை ஒரு மூடி அடைத்திருக்கும். முதிர்ந்ததும் மூடி திறந்துகொள்ளும். ஒருமுறை திறந்த மூடி மீண்டும் மூடுவதில்லை.

இலையைப் பொறியாக மாற்றிக்கொள்ள வேண்டிய தேவை இச்செடிக்கு ஏன் வந்தது? இச்செடிகள் பெரும்பாலும் சத்தற்ற மண்ணில் வளர்கின்றன. மழை மிகுந்த மலைச்சரிவுகளில் மண்ணின் சத்துகளை நீர் அடித்துச் சென்றுவிடுகிறது. ஒளியும் நீரும் அங்கு உண்டு. தழைச்சத்து என்னும் நைட்ரஜனுக்கே பஞ்சம். மண்ணில் கிடைக்காத தழைச்சத்தை இச்செடி பூச்சியின் உடலிலிருந்து பெறுகிறது.

2. பொறி செயற்படும் விதம்

குடுவையின் வாயைச் சுற்றி வளையம் போன்ற விளிம்பு உள்ளது. அதன்மேல் நுண்ணிய வரிகள் ஓடுகின்றன. விளிம்பில் தேன் சுரக்கிறது. தேனை நாடி எறும்புகளும் ஈக்களும் வருகின்றன.

விளிம்பு உலர்ந்திருக்கும்போது எறும்புகள் அதன்மேல் அச்சமின்றி நடக்கின்றன. தேனை உண்டு திரும்புகின்றன. கூட்டிலுள்ள மற்ற எறும்புகளையும் அழைத்து வருகின்றன. மழை பெய்தாலோ காற்றில் ஈரம் மிகுந்தாலோ நிலைமை மாறுகிறது. விளிம்பின் மேல் மெல்லிய நீர்ப்படலம் பரவுகிறது. பூச்சியின் கால்கள் விளிம்பைப் பற்ற இயலாமல் அப்படலத்தின்மேல் வழுக்குகின்றன. ஹோல்கர் போன், வால்டர் ஃபெடர்லே என்னும் இரு ஆய்வாளர்கள் 2004ஆம் ஆண்டில் இவ்வுண்மையைச் சோதனைகளால் நிறுவினர். எப்போதும் வழுக்கும் பொறியைவிட, சில வேளைகளில் மட்டுமே வழுக்கும் பொறி பூச்சிகளை ஏமாற்றுவதில் வல்லது.

வழுக்கிய பூச்சி குடுவையின் அடியிலுள்ள நீரில் விழுகிறது. பல இனங்களில் உட்சுவர் மெழுகு பூசியதுபோல் இருக்கும். அதில் ஏறித் தப்ப முடியாது. விழுந்த பூச்சி மூழ்கி இறக்கிறது. பின்னர் அந்நீரிலுள்ள நொதிகள் அதன் உடலைச் சிறுகச் சிறுகக் கரைக்கின்றன. கரைந்த சத்துகளைக் குடுவையின் சுவர் உறிஞ்சிக்கொள்கிறது.

இந்த வரிசையில் ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். குடுவைநீர் முதலில் மூழ்கடிக்கிறது. அதன் பிறகே செரிக்கிறது. எனவே நீரில் மூழ்காமல் வாழக் கற்ற உயிருக்கு இப்பொறி, மழைநீர் தேங்கிய ஒரு சிறு குளமே ஆகும். இரை அதில் தானாகவே வந்து விழுகிறது. பெரிய மீன்களோ தவளைக் கூட்டமோ அங்கு இல்லை. இதைவிட நல்ல குடியிருப்பு ஒரு சிற்றுயிருக்கு எங்கே கிடைக்கும்?

3. குடுவைக்குள் வாழ்வோர்

குடுவையில் காணப்படும் சிற்றுயிர்களை அறிஞர்கள் மூன்று வகையாகப் பிரிப்பர். தற்செயலாக வந்து சேர்ந்தவை முதல் வகை. வேறு நீர்நிலைகளிலும் வாழக்கூடியவை, ஆனால் குடுவையையும் பயன்படுத்திக்கொள்பவை இரண்டாம் வகை. குடுவையைத் தவிர வேறெங்கும் வாழ இயலாதவை மூன்றாம் வகை. இம்மூன்றாம் வகை உயிர்களுக்குக் குடுவையே உலகம்.

இவற்றுள் பெரும்பாலானவை கணுக்காலிகள். கணுக்கள் உள்ள கால்களும் உடலைப் போர்த்த உறுதியான புறத்தோலும் கொண்ட உயிர்களைக் கணுக்காலிகள் என்பர். பூச்சிகள், சிலந்திகள், உண்ணிகள், நண்டுகள் ஆகியவை அவ்வினத்தைச் சேர்ந்தவை. வியப்பு என்னவெனில், இந்நான்கு பிரிவினரும் குடுவைச் செடிகளில் காணப்படுகின்றனர்.

முதலில் கூறத்தக்கவை கொசுப்புழுக்கள். கூத்தாடிப் புழுக்கள் என்றும் அவற்றை அழைப்பர். அவை வாலருகே உள்ள குழாயை நீரின் மேற்பரப்பில் நீட்டி மூச்சு விடுகின்றன. ஆதலால் மூழ்குவதில்லை. கரைந்துவரும் பூச்சியுடல்களின் துகள்களையும் அவற்றில் பெருகும் நுண்ணுயிர்களையும் வடிகட்டி உண்கின்றன. வளர்ந்ததும் கூட்டுப்புழுவாகி, பின்பு கொசுவாக நீரின் மேற்பரப்பிலிருந்து எழுந்து பறந்து செல்கின்றன.

குடுவையின் அடியில் சிறு ஈக்களின் புழுக்கள் இறந்த பூச்சிகளின் உடலைக் கிழித்து உண்கின்றன. கண்ணுக்கு எளிதில் புலப்படாத சிற்றுண்ணிகள் சுவரிலும் நீரிலும் ஊர்கின்றன.

இவற்றை உண்பவையும் உள்ளேயே இருக்கின்றன. யானைக்கொசு எனப்படும் பெரிய கொசுவின் புழு மற்றக் கொசுப்புழுக்களைப் பிடித்துத் தின்கிறது. இப்புழு கொடியதாயினும், வளர்ந்த யானைக்கொசு குருதி குடிப்பதில்லை, மலர்த்தேனையே உண்கிறது.

மலேசியாவில் ஆம்புல்லேரியா என்னும் குடுவைச் செடி காட்டின் தரையில் கொத்துக்கொத்தாகக் குடுவைகளை விரிக்கிறது. அவற்றின் மூடி பின்புறமாக மடங்கியிருப்பதால், மரங்களிலிருந்து உதிரும் சருகுகள் நேரே உள்ளே விழுகின்றன. இச்செடி பூச்சிகளை மட்டும் நம்பியிருக்கவில்லை. அதன் இலைகளிலுள்ள தழைச்சத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சருகுகளிலிருந்து வருவதாக 2003ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு காட்டியது. இக்குடுவைகளில் கொசுப்புழுக்கள் ஏராளமாக உள்ளன. ஒருவகைச் சிறு நண்டும் இவற்றைத் தேடிவந்து, உள்ளே கையிட்டு இரையை எடுத்துச் செல்கிறது.

4. வாயிற்காவல் சிலந்தி

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வளரும் நெப்பந்தஸ் கிராசிலிஸ் என்னும் செடியின் குடுவையில் ஒருவகை நண்டுச் சிலந்தி வாழ்கிறது. அது வலை பின்னி இரை பிடிப்பதில்லை. விளிம்பிற்குக் கீழே, உட்சுவரில் பதுங்கியிருந்து, தேனுண்ண வரும் பூச்சியைப் பாய்ந்து பிடிக்கிறது. வழுக்கும் சுவரில் நிற்பதற்கு மெல்லிய நூலிழைகளைப் பிடிமானமாக அமைத்துக்கொள்கிறது. பகை நெருங்கினால் நூலொன்றைப் பற்றியபடி குடுவைநீருக்குள் இறங்கி ஒளிந்துகொள்கிறது. ஆபத்து நீங்கியதும் அதே நூலைப் பற்றி மேலேறுகிறது. மற்றப் பூச்சிகளுக்குக் கல்லறையான நீர், இச்சிலந்திக்குப் புகலிடம்.

பிடித்த பூச்சியின் உடற்சாற்றை உறிஞ்சியபின், எஞ்சிய கூட்டைச் சிலந்தி குடுவைக்குள் போட்டுவிடுகிறது. இது திருட்டா? செடிக்கு வரவேண்டிய உணவின் ஒரு பகுதியைச் சிலந்தி உண்டுவிடுகிறது என்பது உண்மையே. ஆனால் சிலந்தி பிடிக்கும் பூச்சிகளுள் பல, தாமாக விழுந்திருக்கமாட்டா. தேனுண்டு பறந்து சென்றிருக்கும். முழு இரை கைநழுவிப் போவதைவிடப் பாதி இரை கிடைப்பது செடிக்கு நன்மையே. சிங்கப்பூர் ஆய்வாளர்கள் 2019ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், இவ்வுறவு செடிக்கும் பயன்தரக்கூடியது என்றும், எந்த இரை கிடைக்கிறது என்பதைப் பொறுத்து அப்பயன் மாறும் என்றும் விளக்கினர்.

5. நீந்தும் எறும்பு

போர்னியோ தீவின் சதுப்புக் காடுகளில் நெப்பந்தஸ் பைகால்கராட்டா என்னும் குடுவைச் செடி வளர்கிறது. அதன் மூடிக்குக் கீழே பாம்பின் நச்சுப்பற்களைப் போல இரண்டு கூரிய முட்கள் தொங்குகின்றன. அம்முட்களாலேயே செடி இப்பெயர் பெற்றது. குடுவையைத் தாங்கும் பற்றுக்கம்பியின் ஒரு பகுதி பருத்து உள்ளீடற்று இருக்கும். அக்கம்பியைத் துளைத்து ஓர் எறும்பினம் அதனுள் குடியிருக்கிறது. காம்போனோட்டஸ் ஷ்மிட்சி என்பது அதன் அறிவியல் பெயர். அது வேறெந்தச் செடியிலும் வாழ்வதில்லை.

இவ்வெறும்பு குடுவையின் வழுக்கும் விளிம்பில் தடுமாறாமல் நடக்கிறது. அதைவிட வியப்பானது, அது குடுவைநீருக்குள் இறங்கி நீந்துகிறது, மூழ்கியும் செல்கிறது. நீரில் கிடக்கும் பெரிய பூச்சியைப் பல எறும்புகள் ஒன்றுகூடி, மணிக்கணக்கில் இழுத்து மேலே கொண்டுவருகின்றன. விளிம்பின் அடியில் அமர்ந்து அதனைக் கூறுபோட்டு உண்கின்றன. சார்லஸ் கிளார்க், ரோஜர் கிட்சிங் என்னும் ஆய்வாளர்கள் 1995ஆம் ஆண்டில் இவ்வெறும்புகளைப் பற்றிய ஆய்வை வெளியிட்டனர். பெரிய பூச்சி நீரில் அழுகினால் குடுவையே கெட்டுவிடும். எறும்புகள் அதனை அகற்றுவதால் குடுவை காக்கப்படுகிறது என்பது அவர்கள் கண்ட விளக்கம்.

செடி எறும்புக்கு வீடு தருகிறது, தேன் தருகிறது. எறும்போ செடி பிடித்த இரையை எடுத்து உண்கிறது. மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு இது உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்வதாகவே தோன்றும். உண்மை என்ன என்பதை அறியக் கணக்குப் பார்க்க வேண்டியிருந்தது.

6. வரவும் செலவும்

குடுவைக்குள் வரும் தழைச்சத்தை ஒரு குடும்பத்தின் வருவாயாக எண்ணிப் பார்க்கலாம். விழும் பூச்சிகள் வரவு. அவற்றை உண்டு வளரும் கொசுப்புழு, இறக்கை முளைத்துப் பறந்து போகும்போது, தன் உடலிலுள்ள சத்தையும் கொண்டுபோகிறது. அது செலவு. பறந்த கொசு திரும்பி வந்து செடிக்கு எதையும் கொடுப்பதில்லை.

நீந்தும் எறும்பின் பங்கு இங்கேதான் வெளிப்படுகிறது. 2013ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று, எறும்புகள் உள்ள செடிகளையும் இல்லாத செடிகளையும் ஒப்பிட்டது. எறும்புகள் கொசுப்புழுக்களையும் ஈப்புழுக்களையும் வேட்டையாடுகின்றன. அவை பறந்து வெளியேறுவதைத் தடுக்கின்றன. உண்ட எறும்புகளின் கழிவு மீண்டும் குடுவைக்குள் விழுகிறது. ஆய்வாளர்கள் அடையாளமிட்ட நைட்ரஜனைப் பயன்படுத்தி, எறும்பின் உடலிலிருந்து செடிக்குச் சத்து செல்வதை உறுதிசெய்தனர். எறும்புகள் வாழும் செடிகள் பூச்சிகளிலிருந்து கூடுதலான தழைச்சத்தைப் பெற்றிருந்தன. அதாவது எறும்பு திருடியன்று. வீட்டிலிருந்து பொருள் வெளியே போகாமல் காக்கும் காவலாள். கூலியாக ஒரு பங்கை உண்கிறது; எஞ்சியதைச் செடிக்கே தருகிறது.

அப்படியானால் கொசுப்புழுக்கள் வெறும் திருடர்களா? அவ்வாறும் முடிவுகட்ட இயலாது. சிங்கப்பூரில் நெப்பந்தஸ் கிராசிலிஸ் செடியை ஆராய்ந்தவர்கள் 2017ஆம் ஆண்டில் வேறொரு பக்கத்தைக் காட்டினர். ஈ, கொசு ஆகியவற்றின் புழுக்களும் நுண்ணுயிர்களும் இரையைச் சிதைத்து, செடி எளிதில் உறிஞ்சக்கூடிய வடிவில் சத்தினை விடுவிக்கின்றன. பல் இல்லாத முதியவருக்குச் சோற்றைக் குழைத்துக் கொடுப்பது போன்றது அவ்வுதவி. தம் பங்கை எடுத்துக்கொண்டாலும், எஞ்சிய பங்கு செடிக்கு விரைவில் சேர அவை வழிசெய்கின்றன.

ஆகவே 'திருடரா, துணைவரா' என்னும் வினாவிற்கு ஒரே சொல்லில் விடை கூற முடியாது. ஒரே புழு ஒரு வகையில் எடுக்கிறது. மற்றொரு வகையில் கொடுக்கிறது. எவ்வளவு எடுக்கிறது, எவ்வளவு கொடுக்கிறது, அது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்னும் மூன்றையும் அளந்த பின்னரே தீர்ப்புக் கூறலாம். இயற்கையைக் கற்போர் முதலில் பழக வேண்டிய பொறுமை இதுவே.

தெரிந்து தெளிவோம்

குடுவைச் செடிகளுக்கு 'நெப்பந்தஸ்' என்னும் பெயரைச் சூட்டியவர் சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ். ஆண்டு 1737. கிரேக்கக் காவியத்தில் துயரை மறக்கச் செய்யும் மருந்தொன்றின் பெயரிலிருந்து அதனை எடுத்தார். அவர் அப்பெயரைச் சூட்டுவதற்கு அடிப்படையான செடி இலங்கையிலிருந்து அறியப்பட்டது. சிங்களத்தில் அதனைப் 'பாந்துரா' என்பர்.

7. எங்கும் ஒரே கூட்டம் இல்லை

எல்லாக் குடுவைகளிலும் ஒரே எண்ணிக்கையில் உயிர்கள் வாழ்வதில்லை. பீவர் என்னும் ஆய்வாளர் மலேசியாவின் குடுவைகளில் வாழும் உயிர்களைப் பற்றி 1979ஆம் ஆண்டில் எழுதினார். பின்னர் 1985ஆம் ஆண்டில் பல நாடுகளின் குடுவைகளை ஒப்பிட்டார். குடுவைச் செடியினங்கள் மிகுதியாக உள்ள தென்கிழக்காசியாவில், குடுவைக்குள் 'யார் யாரை உண்கிறார்' என்னும் உணவு வலை மிகச் சிக்கலாக இருந்தது. இலங்கை, மடகாஸ்கர், சீசெல்சு ஆகிய தொலைவிலுள்ள நிலங்களில் அவ்வலை எளியதாக இருந்தது. அங்கே குடியிருப்போரின் வகைகள் குறைவு.

இதிலிருந்து ஓர் உண்மை புலனாகிறது. குடுவை என்பது செடி மட்டுமே அமைத்த வீடன்று. நெடுங்காலமாக ஓரிடத்தில் செடியும் பூச்சியும் சேர்ந்து வாழ்ந்ததன் பயனாகவே அக்குடியிருப்பு உருவாகிறது. செடியை வேறிடத்துக்குக் கொண்டுசென்று கண்ணாடிக் கூடத்தில் வளர்க்கலாம்; குடுவையும் அங்கே வளரும். ஆனால் நீந்தும் எறும்பும் வாயிற்காவல் சிலந்தியும் தாமாக உடன்வரமாட்டா. குடுவை இருக்கும், குடியிருப்பு இராது.

8. காக்க வேண்டியது எது?

நெப்பந்தஸ் காசியானா இன்று அழியும் நிலையிலுள்ள செடி. அழகுக்காகவும் மருந்துக்காகவும் மக்கள் அதனைப் பறித்தனர். வணிகர் வேரோடு பிடுங்கி விற்றனர். நிலக்கரியும் சுண்ணாம்புக்கல்லும் எடுப்பதற்காக மலைகள் தோண்டப்பட்டதால் அது வளரும் இடங்களும் சுருங்கின. இந்திய வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இச்செடியைக் காக்கிறது. காட்டிலிருந்து எடுத்த செடிகளை நாடுகளுக்கிடையே வணிகம் செய்வதையும் பன்னாட்டு உடன்படிக்கை தடுக்கிறது. இதன் திசுவை ஆய்வுக்கூடத்தில் வளர்த்துப் புதிய கன்றுகளை உருவாக்கும் முயற்சிகளும் நடந்துள்ளன.

கன்றுகளை உருவாக்குவது தேவையான பணி. ஆயினும் அதுவே போதும் என்று நிறைவடைய முடியாது. ஒரு குடுவையை வேடிக்கைக்காகப் பறித்தெறிபவர், தம் கையில் ஓர் இலை மட்டுமே இருப்பதாக எண்ணுவார். மூச்சுக்குழாயை நீட்டி நின்ற கொசுப்புழு, சுவரில் ஊர்ந்த உண்ணி, அடியில் கிடந்த ஈப்புழு ஆகிய அனைத்தும் அந்நீரோடு தரையில் சிந்துகின்றன. ஒரு மலைச்சரிவே தோண்டப்பட்டால் சிந்துவது ஆயிரம் குடியிருப்புகள். ஆகவே செடியை அது நிற்கும் மண்ணோடும், அதனை நாடிவரும் உயிர்களோடும் சேர்த்துக் காப்பதே முழுமையான பாதுகாப்பாகும்.

பேயின் கூடை என்று அழைக்கப்பட்ட குடுவை பூச்சிகளைக் கொல்வது உண்மை. அதே குடுவை எத்தனையோ சிற்றுயிர்களுக்குத் தொட்டிலாக இருப்பதும் உண்மை. இவ்விரண்டையும் ஒருங்கே காண்பவரே அச்செடியை முழுமையாக அறிந்தவர் ஆவார்.

சொல்லும் பொருளும்

குடுவை – குறுகிய வாயுடைய சிறு கலம்
பொறி – இரையைப் பிடிக்கும் அமைப்பு
பற்றுக்கம்பி – கொடி பற்றிப் படர உதவும் மெல்லிய உறுப்பு
விளிம்பு – ஓரம்
நொதி – உணவைச் சிதைக்கும் உடற்பொருள்
தழைச்சத்து – செடி தழைத்து வளர உதவும் நைட்ரஜன்
உள்ளீடற்ற – உட்புறம் வெறுமையான
இரண்டகம் – நம்பியவருக்குச் செய்யும் கேடு
புகலிடம் – அடைக்கலம் பெறும் இடம்
சருகு – உலர்ந்த இலை

பயிற்சி

அ. சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.

1. குடுவைச் செடியின் குடுவை என்பது ________.
(அ) பூ (ஆ) காய் (இ) இலையின் நுனி (ஈ) வேர்

2. விளிம்பு மிகுதியாக வழுக்கும் நேரம் ________.
(அ) வெயில் காயும்போது (ஆ) ஈரமாக இருக்கும்போது (இ) குடுவை திறக்கும் முன் (ஈ) காற்று வீசும்போது

3. குடுவைநீரில் நீந்தும் எறும்பு வாழும் தீவு ________.
(அ) இலங்கை (ஆ) மடகாஸ்கர் (இ) சீசெல்சு (ஈ) போர்னியோ

4. ஆம்புல்லேரியா செடி பூச்சிகளோடு ________ இருந்தும் தழைச்சத்தைப் பெறுகிறது.
(அ) சருகுகளில் (ஆ) பாறைகளில் (இ) மீன்களில் (ஈ) தேனில்

ஆ. பொருத்துக.

1. கொசுப்புழு – சருகு விழும் குடுவை
2. நண்டுச் சிலந்தி – மூச்சுக்குழாய்
3. காம்போனோட்டஸ் ஷ்மிட்சி – நூலைப் பற்றி இறங்குதல்
4. ஆம்புல்லேரியா – உள்ளீடற்ற பற்றுக்கம்பி

இ. பிரித்து எழுதுக.

1. நிலப்பகுதி 2. அச்செடி 3. புகலிடம் 4. குடியிருப்பு 5. இவ்வுறவு

ஈ. எடுத்துக்காட்டில் உள்ளவாறு பன்மையாக மாற்றி எழுதுக.

எடுத்துக்காட்டு: எறும்பு நீரில் நீந்துகிறது. – எறும்புகள் நீரில் நீந்துகின்றன.

1. சிலந்தி உட்சுவரில் பதுங்குகிறது.
2. கொசுப்புழு துகளை வடிகட்டி உண்கிறது.
3. குடுவை மலைச்சரிவில் தொங்குகிறது.
4. அப்பூச்சி விளிம்பில் வழுக்கியது.

உ. ஒலி வேறுபாடு அறிந்து, ஒவ்வொரு சொல்லையும் தனித்தனி வாக்கியத்தில் அமைத்து எழுதுக.

1. இரை – இறை 2. கரை – கறை 3. வலை – வளை 4. அரை – அறை

ஊ. ஓரிரு வாக்கியங்களில் விடையளிக்க.

1. குடுவைச் செடிக்குப் பூச்சிகள் ஏன் தேவைப்படுகின்றன?
2. கணுக்காலிகள் என்பவை யாவை? குடுவையில் வாழும் கணுக்காலிகள் இரண்டினைக் கூறுக.
3. கொசுப்புழு குடுவைநீரில் மூழ்காமல் இருப்பது எவ்வாறு?
4. பகை நெருங்கும்போது நண்டுச் சிலந்தி என்ன செய்கிறது?

எ. விரிவாக விடையளிக்க.

1. நீந்தும் எறும்பு செடிக்குத் திருடனா, துணைவனா? 2013ஆம் ஆண்டு ஆய்வின் துணையோடு உங்கள் கருத்தை நிறுவுக.
2. 'குடுவை இருக்கும், குடியிருப்பு இராது' – இத்தொடரின் பொருளைப் பாடப்பகுதியைக் கொண்டு விளக்குக.

ஏ. செயல்பாடு

1. உங்கள் பள்ளி வளாகத்திலுள்ள ஒரு மரத்தைத் தேர்ந்தெடுங்கள். ஒரு வாரம் அதனைக் கூர்ந்து நோக்கி, அதில் வாழும் சிற்றுயிர்களைப் பட்டியலிடுங்கள். அவற்றுள் மரத்திடமிருந்து எடுப்பவை எவை, மரத்திற்குக் கொடுப்பவை எவை, இரண்டும் செய்பவை எவை என்று வகுத்து எழுதுங்கள்.
2. எறும்பு, சிலந்தி, கொசு, ஈ, நண்டு ஆகியவற்றுக்கு நீங்கள் வாழும் மாநிலத்தின் மொழியில் வழங்கும் பெயர்களை அண்டை வீட்டாரிடம் கேட்டு அறியுங்கள். வீட்டிலுள்ள பெரியவர்களிடம் அவற்றின் தமிழ்ப் பெயர்களையும் வட்டார வழக்குகளையும் கேட்டு, இரண்டையும் அருகருகே எழுதி வகுப்பில் படித்துக் காட்டுங்கள்.